‘பால்’ என்று தேடினால் ‘புலி’ வருவது ஏன்? உங்கள் போனுக்குள் இருக்கும் குட்டித் தரவுத்தளமும், அதற்குத் தமிழ் சொல்லித்தரும் நீட்சிகளும்

நீங்க சிம்பாங் ரெங்கத்தில் இருக்கீங்கன்னு வச்சுக்குவோம். பள்ளி விடுமுறை. பக்கத்துத் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் இருக்கும் கதைப் புத்தகங்களைக் கணினியில் பதிந்து தர்றேன்னு ஆசிரியரிடம் ஒத்துக்கிட்டீங்க. இலவசமா கிடைக்கிற ஒரு தரவுத்தளத்தை எடுத்து, தலைப்புகளைத் தமிழிலேயே தட்டச்சு செய்து, தேடும் வசதியும் வச்சாச்சு. ஒரு மாணவி வந்து ‘பால்’ என்று தேடுகிறாள். திரையில் ‘புலி’ வந்து நிற்கிறது. கூடவே ‘புல்’, ‘பூலோகம்’ எல்லாம் வருது.

இது வைரஸ் வேலை இல்லை. நீங்க தப்பா தட்டச்சு செய்யவும் இல்லை. உலகத்திலேயே அதிகமா பயன்படுத்தப்படும் தரவுத்தளம், கூடுதலா எதுவும் சொல்லாம விட்டா, தமிழை இப்படித்தான் படிக்கும்.

நல்ல சேதி என்னன்னா, இதைச் சரிசெய்ய முடியும். அதுக்குத் தேவையான பல துண்டுகள் பெரிய நிறுவனங்களிடமிருந்து வரவில்லை. உலகின் பல மூலைகளில் இருந்து தன்னார்வலர்கள் எழுதி, பராமரித்து, இலவசமாகக் கொடுக்கும் ‘நீட்சிகள்’ அவை. அவை எப்படி வேலை செய்கின்றன, யார் எழுதுகிறார்கள், எவ்வளவு தூரம் நம்பலாம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எஸ்கியூலைட் என்றால் என்ன?

பெயர் கேள்விப்படாமல் இருக்கலாம். ஆனா இன்னைக்குக் காலையில எழுந்ததிலிருந்து நீங்க அதைப் பலமுறை பயன்படுத்தியிருப்பீங்க. ஆண்ட்ராய்டு போனில் உங்கள் வாட்ஸ்அப் உரையாடல்கள் சேமிக்கப்படுவது ஓர் எஸ்கியூலைட் கோப்பில். தொடர்பு எண்கள், ஃபயர்ஃபாக்ஸ், குரோம் உலாவிகளில் நீங்க பார்த்த பக்கங்களின் பட்டியல் எல்லாமே அதே வகைக் கோப்புகள்தான். ஒரு சராசரி போனில் நூற்றுக்கணக்கான எஸ்கியூலைட் தரவுத்தளங்கள் இருக்கும்.

இதை எழுதத் தொடங்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹிப். 2000-ஆம் ஆண்டு, அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பலுக்கான ஒரு மென்பொருளில் அவர் வேலை பார்த்தார். கப்பலில் சேதம் ஏற்பட்டால் எந்தக் குழாயை மூடுவது, எந்த வால்வைத் திறப்பது என்று சொல்லும் மென்பொருள் அது. தகவல்கள் ஒரு தனி சர்வரில் இருந்தன. சர்வர் படுத்துவிட்டால் மென்பொருளும் கூடவே படுத்துவிடும். அப்போது அவருக்கு ஒரு யோசனை: சர்வரே இல்லாமல், தகவலை நேரடியாக வட்டிலுள்ள ஒரு கோப்பிலிருந்து படித்தால் என்ன?

அந்த யோசனைதான் 2000 ஆகஸ்ட்டில் எஸ்கியூலைட்டின் முதல் பதிப்பாக வெளிவந்தது. மொத்தத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. அதைப் பென்டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம். நிறுவ வேண்டியதில்லை, சர்வர் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். இன்னும் ஒன்று: இதற்குக் காப்புரிமையே இல்லை. எழுதியவர்கள் தங்கள் உரிமையை முழுசா விட்டுக்கொடுத்து, பொதுவுடைமை ஆக்கிவிட்டார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், தரவுகளை நீண்டகாலம் சேமிக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் எஸ்கியூலைட்டும் ஒன்று.

எல்லாவற்றையும் உள்ளேயே வைக்கவில்லையே, ஏன்?

எஸ்கியூலைட்டின் பெயரிலேயே ‘லைட்’ இருக்கு. முழு நூலகமும் சுமார் ஒரு மெகாபைட் அளவுக்குள் அடங்கிவிடும். உங்க போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பெரிதாக இருக்கும். கைக்கடிகாரம், கார், தொலைக்காட்சிப் பெட்டி, விமானம் வரைக்கும் போய்ச் சேரவேண்டிய பொருள் என்பதால், எல்லோருக்கும் தேவைப்படாத எதையும் உள்ளே வைக்காமல் இருப்பது அவர்களின் கொள்கை.

அதனால் பல வருடங்களுக்கு இதில் வர்க்கமூலம் கண்டுபிடிக்கக்கூட வழி இல்லை. இடைநிலை மதிப்பு, திட்ட விலக்கம் மாதிரியான புள்ளியியல் கணக்குகளும் இல்லை. ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழிகளின் அகரவரிசையும் இல்லை.

இரண்டாவது காரணம் கொஞ்சம் வித்தியாசமானது. எஸ்கியூலைட் திறந்தமூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் வெளியாட்கள் எழுதி அனுப்பும் நிரலை மூலக்குழு பொதுவாகச் சேர்த்துக்கொள்வதில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டுமே மூலத்தை எழுதுகிறார்கள். பொதுவுடைமை நிலையைச் சட்டச் சிக்கல் இல்லாமல் காப்பாற்ற இது உதவும் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

அதாவது, வீட்டுக்குள் நுழைய உங்களுக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம். ஆனால் வீட்டைச் சுற்றிக் கொட்டகை போட்டுக்கொள்ள வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்த வாசல்தான் நீட்சி.

நீட்சி எப்படி வேலை செய்கிறது?

2006 முதல் எஸ்கியூலைட்டில் இந்த வசதி இருக்கு. நீட்சி என்பது தனியாக எழுதப்பட்ட ஒரு சின்ன நிரல் கோப்பு. விண்டோஸில் அது ‘டிஎல்எல்’ வகைக் கோப்பாக இருக்கும். தரவுத்தளத்தைத் திறந்த பிறகு, “இதையும் சேர்த்துக்கோ” என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும். அந்த நொடியிலிருந்து, தரவுத்தளத்துக்கு முன்பு தெரியாத வேலைகள் தெரிய ஆரம்பிக்கும்.

நான்கு வகையான வேலைகளை இப்படிச் சேர்க்கலாம்.

ஒன்று, புதிய சார்புகள். கொடுத்த எண்ணுக்கு வர்க்கமூலம், கொடுத்த சொல்லுக்கு எழுத்து எண்ணிக்கை என்பது போல.

இரண்டு, வரிசைப்படுத்தும் விதி. எந்த எழுத்து முதலில், எது பிறகு என்று சொல்லித்தருவது.

மூன்று, மெய்நிகர் அட்டவணை. வெளியே இருக்கும் ஓர் எக்செல் பாணிக் கோப்பை, தரவுத்தளத்தின் அட்டவணை மாதிரியே கேள்வி கேட்க வைப்பது.

நான்கு, சொல் பிரிப்பான். முழு உரைத் தேடலின்போது ஒரு வாக்கியத்தை எங்கே வெட்டிச் சொற்களாக்குவது என்று முடிவுசெய்வது. நம்ம ‘புலி’ பிரச்சினை கிளம்புவது இங்கேதான்.

யார் எழுதுகிறார்கள்?

ஆரம்பகால உதாரணம் ஒன்று சொல்லலாம். லியம் ஹீலி என்பவர் கணிதம், சொற்கள், புள்ளியியல் சார்ந்த சார்புகளை ஒரே கோப்பில் தொகுத்துக் கொடுத்தார். பல வருடங்களுக்கு, “எஸ்கியூலைட்டில் வர்க்கமூலம் எப்படிக் கண்டுபிடிப்பது?” என்ற கேள்விக்குப் பலர் காட்டிய பதில் அந்தக் கோப்புதான். 2021 மார்ச்சில்தான் கணிதச் சார்புகள் எஸ்கியூலைட்டின் மூலத்துக்கே வந்தன. அதுவரை அந்த இடைவெளியை அடைத்தது சமூகம்.

இத்தாலியின் அலெஸ்ஸாண்ட்ரோ ஃபுரியெரி எழுதிய ஸ்பேஷியாலைட் இன்னொரு உதாரணம். இது எஸ்கியூலைட்டுக்கு வரைபடம் படிக்கக் கற்றுத்தருகிறது. இரண்டு இடங்களுக்கு இடையே தூரம் எவ்வளவு, இந்த வீடு அந்த எல்லைக்குள் இருக்கா, ஆற்றிலிருந்து எத்தனை மீட்டர் என்றெல்லாம் கேட்கலாம். 2019-இல் பெனுட் ஆற்றில் அமோனியா மாசு கலந்து, சிம்பாங் ரெங்கம் வட்டாரத்தில் குடிநீர் விநியோகம் தடைப்பட்டது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். எந்தத் தாமானில் எந்தத் தேதியில் தண்ணீர் நின்றது என்று ஊர்மக்களே ஒரு கோப்பில் குறித்து வைத்து, வரைபடத்தில் போட்டுக் காட்ட விரும்பினால், அதற்குப் பெரிய நிறுவனத்தின் மென்பொருள் தேவையில்லை. ஒரு மடிக்கணினியும் இந்த நீட்சியும் போதும்.

சிக்னல் செயலியில் உங்கள் குறுஞ்செய்திகள் போனிலேயே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதற்கு உதவுவது ஜெட்டெடிக் என்ற சின்ன நிறுவனம் திறந்தமூலமாகத் தரும் எஸ்கியூஎல்சைஃபர். கணக்குப்படி இது நீட்சி அல்ல, எஸ்கியூலைட்டை எடுத்து மாற்றிக் கட்டிய பதிப்பு. ஆனால் பாடம் ஒன்றுதான்: சாதாரண எஸ்கியூலைட் கோப்புக்குப் பூட்டு கிடையாது. கோப்பை எடுத்தவர் எல்லாவற்றையும் படிக்கலாம். சங்கத்து உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்களை அதில் போட்டுப் பென்டிரைவில் சுற்றவிடுபவர்கள் இதைக் கவனிக்கணும்.

இப்படி ஆளுக்கொரு மூலையில் சிதறிக் கிடந்தவற்றைச் சேர்த்து ஒரே இடத்தில் தருவதற்கும் ஆட்கள் வந்தார்கள். அன்டன் ஜியானோவ் தொகுத்த ‘எஸ்கியூலீன்’ அப்படிப்பட்டது. புள்ளியியல், ஒலியொத்த சொல் தேடல், கோப்பு வாசிப்பு, யூனிகோட் எழுத்துகள் என்று பல நீட்சிகளை, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் தயார்நிலையில் வைத்திருக்கிறார். அலெக்ஸ் கார்சியா எழுதிய ‘எஸ்கியூலைட்-வெக்’, செயற்கை நுண்ணறிவுக்குத் தேவையான ‘பொருள் ஒப்புமை’ தேடலை அதே ஒற்றைக் கோப்புக்குள் கொண்டுவந்தது. அது 2024-இல் வெளிவந்தது.

இனி தமிழுக்கு வருவோம். என்ன பிரச்சினை?

கணினிக்குத் ‘தமிழ்’ என்ற சொல் மூன்று எழுத்து இல்லை. யூனிகோட் முறையில் அது ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. வட்டில் எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 15 பைட். எஸ்கியூலைட்டிடம் “இந்தச் சொல்லின் நீளம் என்ன?” என்று கேட்டால் 5 என்று சொல்லும். முதல் வகுப்புப் பிள்ளை 3 என்று சொல்லும். பிள்ளை சொல்வதுதான் நமக்குச் சரி.

அடுத்து, அகரவரிசை. எஸ்கியூலைட் இயல்பாக எழுத்துகளின் குறியீட்டு எண்ணை வைத்துத்தான் வரிசைப்படுத்தும். யூனிகோட் அட்டவணையில் ‘ன’ இருப்பது ‘ந’வுக்கு அடுத்து. ‘ற’ இருப்பது ‘ர’வுக்கு அடுத்து. ஆனால் நாம் பள்ளியில் படித்த வரிசை ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. விளைவு என்ன? மரம், மலர், மழை, மறதி, மனம் என்று அகராதி வரிசையில் வரவேண்டிய ஐந்து சொற்களை எஸ்கியூலைட் இப்படி அடுக்கும்: மனம், மரம், மறதி, மலர், மழை. அதேபோல அகராதியில் ‘அக்கா’ முதலில், ‘அகம்’ பிறகு. இங்கே தலைகீழ். பெயர்ப் பட்டியலில் ஜெயந்தி, சரவணனுக்கும் ஞானத்துக்கும் நடுவில் போய் நிற்பார்.

மூன்றாவது, ஒரே மாதிரி தெரியும் வேறு வேறு எழுத்துகள். ‘கொடி’ என்பதில் உள்ள ‘கொ’வை இரண்டு விதமாகக் கணினியில் பதியலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் போடலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தரவுத்தளத்துக்கு இரண்டும் வேறு. இதைவிட மோசம் ‘கௌரி’. சிலர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ‘ள’ எழுத்தும் சேர்த்து ‘கெளரி’ என்று தட்டிவிடுவார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் கௌரியைத் தேடினால் கெளரி கிடைக்கமாட்டார். ஒரு கோயில் நன்கொடையாளர் பட்டியலிலோ, பழைய தோட்டத்துத் தொழிலாளர் பெயர்ப்பதிவிலோ இது நடந்தால், அங்கே இருக்கும் ஒருவர் இல்லாதவர் ஆகிவிடுகிறார்.

சரி, புலி எங்கிருந்து வந்தது?

எஸ்கியூலைட்டுடன் வரும் முழு உரைத் தேடல் வசதியின் இப்போதைய பதிப்பு 2015-இல் வந்தது. அதன் இயல்பான சொல் பிரிப்பானுக்கு ஒரு விதி: எழுத்துகளும் எண்களும் சொல்லின் பகுதி. மற்ற எல்லாம் இடைவெளி மாதிரி.

ஆங்கிலத்துக்கு இது சரியா வரும். தமிழில்? யூனிகோட் கணக்கில் ‘ப’ ஓர் எழுத்து. ஆனால் துணைக்கால், கொக்கி, கொம்பு, புள்ளி எல்லாம் எழுத்து இல்லை, எழுத்தோடு ஒட்டும் ‘குறி’. ஆகவே சொல் பிரிப்பான் அவற்றைக் காற்புள்ளியைத் தூக்கியெறிவது போலத் தூக்கியெறிந்து, அந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடும்.

‘பால்’ என்பதில் கால் போச்சு, புள்ளி போச்சு. மிச்சம் ‘ப’, ‘ல’ என்ற இரண்டு துண்டு. ‘புலி’யிலும் உகரக் குறி போச்சு, கொக்கி போச்சு. மிச்சம் அதே ‘ப’, ‘ல’. இரண்டும் ஒன்று என்று அது முடிவு கட்டிவிடுகிறது. வேடிக்கை என்னன்னா, ‘பல்’ மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. அதில் ‘ப’வுக்கும் ‘ல’வுக்கும் நடுவில் குறி எதுவும் இல்லாததால் ‘பல’ என்று ஒரே துண்டாக நிற்கும்.

இதே சிக்கல் இந்திக்கும் வங்காளிக்கும் உண்டு. உயிர்க்குறிகள் ஒட்டும் எழுத்துமுறை எதுவாக இருந்தாலும் இந்த வெட்டு விழும்.

தீர்வு என்ன?

புலியை விரட்டுவது சுலபம். 2018-க்குப் பிந்தைய பதிப்புகளில், அட்டவணையை உருவாக்கும்போதே “குறிகளையும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கோ” என்று ஒரு வரி சேர்க்கலாம். அவ்வளவுதான். பிறகு ‘பால்’ பாலாக இருக்கும், ‘புலி’ புலியாக இருக்கும். நீட்சிகூட வேண்டாம். 2020 கடைசியில் வந்த இன்னொரு வழி, சொல்லைப் பார்க்காமல் மும்மூன்று குறியீடுகளாக வெட்டித் தேடுவது. சொல்லின் நடுவில் இருப்பதையும் அது பிடிக்கும். ஆனால் மூன்று குறியீட்டுக்குக் குறைவான சொல்லைத் தேடினால் ஒன்றும் வராது. ‘பூ’வைத் தேடிப் பாருங்க, கிடைக்காது.

அகரவரிசைக்கு ஐசியு என்ற நீட்சி இருக்கு. உலக மொழிகளின் வரிசை விதிகளை எல்லாம் தொகுத்து வைத்திருக்கும் ஒரு பெரிய திறந்தமூல நூலகத்தை எஸ்கியூலைட்டுடன் இணைப்பது இதன் வேலை. தமிழ் அகராதி வரிசையும் அதில் உண்டு. குறை என்னன்னா, ஒரு மெகாபைட் தரவுத்தளத்துக்குப் பக்கத்தில் பல மெகாபைட் மொழித் தரவைத் தூக்கிச் சுமக்கணும். ஆண்ட்ராய்டு இதே நூலகத்தை ஏற்கனவே வைத்திருக்கிறது. செயலி எழுதுபவர் போனின் மொழிக்கு ஏற்ற வரிசையைக் கேட்டால் கிடைக்கும். கேட்கணும், அதுதான் விஷயம்.

பைத்தான் படிப்பவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. முத்து அண்ணாமலை தொடங்கி, தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்த ‘ஓப்பன் தமிழ்’ நூலகம் ‘தமிழ்’ என்பதை மூன்று எழுத்தாகச் சரியாகப் பிரித்துத் தரும். அகரவரிசைப்படி இரண்டு சொற்களை ஒப்பிட்டும் சொல்லும். பைத்தானிலிருந்து எஸ்கியூலைட்டைத் திறக்கும்போது, உங்கள் சொந்தச் சார்பையோ வரிசை விதியையோ தரவுத்தளத்தில் பதிவுசெய்ய முடியும். சில வரி நிரல் போதும். அந்தச் சில வரிகளில் நீங்களே ஒரு தமிழ் நீட்சி எழுதிவிட்டீர்கள்.

மிச்சம் இருப்பது வேர்ச்சொல். ‘பாலை’, ‘பாலுக்கு’, ‘பாலில்’ எல்லாம் பால்தான் என்று தேடலுக்குத் தெரியாது. எஸ்கியூலைட்டுடன் வரும் வேர்ச்சொல் கருவி ஆங்கிலத்துக்கு மட்டும். ஸ்னோபால் என்ற திறந்தமூலத் திட்டத்தில் தமிழ் வேர்ச்சொல் விதிகளும் இருக்கு. அதை எஸ்கியூலைட்டுடன் ஒட்டும் வேலையும் சமூக நீட்சிகளின் பக்கமே விடப்பட்டிருக்கு.

நீட்சிகளை நம்பலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் எதையும் பதிவிறக்காதீங்க. நீட்சி என்பது வெறும் தரவு இல்லை, ஓடும் நிரல். அதை ஏற்றும் செயலிக்கு என்னென்ன அனுமதி இருக்கோ, அத்தனையும் அதற்கும் கிடைக்கும். உங்கள் கோப்புகளைப் படிக்கலாம், அழிக்கலாம், வெளியே அனுப்பலாம். இதனால்தான் செயலிகளுக்குள் நீட்சி ஏற்றும் வசதி இயல்பாக மூடியே இருக்கும். எழுதுபவர் வேண்டுமென்றே திறந்தால்தான் திறக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்க. ‘எக்ஸ்இசட்’ என்ற கோப்புச் சுருக்கும் நூலகம் லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இருக்கு. அதை வருடக்கணக்கில் பராமரித்தவர் தனியாளாகக் களைத்துப்போன ஒரு தன்னார்வலர். ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்லபிள்ளையாக உதவி, நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் இரகசியப் பின்வாசல் ஒன்றை உள்ளே வைத்துவிட்டார். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியதால்தான் விஷயம் வெளிப்பட்டது. அந்த அரை நொடியை அவர் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால், உலகம் முழுக்க எண்ணற்ற சர்வர்களின் கதவு திறந்திருக்கும்.

இதிலிருந்து “தன்னார்வலர்களை நம்பாதே” என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். பின்வாசல் வைத்தது தன்னார்வலரின் களைப்பைப் பயன்படுத்திக்கொண்ட ஒருவர். அதைக் கண்டுபிடித்ததும், நிரல் எல்லோர் கண்ணிலும் படும்படி திறந்திருந்ததால் முடிந்தது. பாடம் வேறு: உலகமே சாய்ந்திருக்கும் ஒரு தூணை ஒரே ஆள் தாங்கிப் பிடிச்சிருக்கக் கூடாது.

ஆகவே ஒரு நீட்சியை எடுக்கும் முன் நான்கு விஷயம் பாருங்க.

• மூலநிரல் பார்க்கக் கிடைக்கிறதா? தயார்நிலைக் கோப்பு மட்டும் இருந்தால் ஒதுங்குங்க.

• கடைசியாக எப்போது மாற்றினார்கள்? பல வருடமாகத் தொடாமல் கிடந்தால், பிழை வந்தால் யார் பார்ப்பார் என்று யோசிக்கணும்.

• உரிமம் என்ன? எஸ்கியூலைட் பொதுவுடைமை என்பதால் அதன் நீட்சிகளும் அப்படியே என்று நினைக்கக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம், தனி நிபந்தனை.

• உங்களுக்கு உண்மையிலேயே நீட்சி வேணுமா? புலியை விரட்ட ஒரு வரி அமைப்பு போதும் என்று பார்த்தோம். ஏற்றாத நீட்சிக்கு ஆபத்தும் இல்லை.

யார் பராமரிப்பது?

தமிழ் கணினிக்கு வந்த கதையே இப்படிப்பட்ட தனிமனித உழைப்பின் கதைதான். கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பிறகு செல்லினம் வழியாகக் கைப்பேசியிலும் தமிழ் எழுத வழிசெய்தார். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகத்தின் பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றியது. தமிழ்நாட்டில் கணியம் குழு கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது.

எழுத்துரு வந்தாச்சு, விசைப்பலகை வந்தாச்சு, நூல்கள் வந்தாச்சு. ஆனால் தேடல், வரிசை, வேர்ச்சொல் என்ற அடுத்த அடுக்கு இன்னும் அரைகுறைதான். இந்த அடுக்கு வெளியே தெரியாது. சரியாக வேலை செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தப்பாகப் போனால் மட்டும், “தமிழில் போட்டால் சரியா வராது, ஆங்கிலத்திலேயே போட்டுக்கலாம்” என்று ஒரு முடிவு எடுக்கப்படும். பள்ளி நூலகத்தில், சங்க அலுவலகத்தில், கோயில் நிர்வாகத்தில் இப்படி எடுக்கப்படும் சின்னச் சின்ன முடிவுகளில்தான் ஒரு மொழி கணினியிலிருந்து மெல்ல வெளியேறுகிறது.

எஸ்கியூலைட்டின் மூடிய வாசலும் எல்லோருக்கும் பிடித்த ஏற்பாடு இல்லை. 2022-இல் சிலர் அதை அப்படியே பிரதி எடுத்து, வெளியாட்களின் பங்களிப்பை ஏற்கும் ‘லிப்எஸ்கியூஎல்’ என்ற தனிக் கிளையைத் தொடங்கினார்கள். எந்த வழி நீடிக்கும் என்பது அதைத் தொடர்ந்து கவனித்துக்கொள்ள எத்தனை பேர் இருப்பார்கள் என்பதைப் பொறுத்தது.

நீங்க என்ன செய்யலாம்?

மலாயில் ‘சிம்பாங்’ என்றால் சந்திப்பு. இந்த ஊர்ப் பெயரையே எடுத்துக்குங்க. சிம்பாங் ரெங்கம், சிம்பாங் ரெங்காம், சிம்பாங் ரெங்கெம் என்று ஆளாளுக்கு ஒரு விதமாகத் தமிழில் எழுதலாம். ரோமன் எழுத்தில்கூட ‘ஜி’ ஒன்றா இரண்டா என்பதில் ஒற்றுமை இல்லை. ஒன்றைத் தேடினால் மற்றதும் கிடைக்கணும். ஒலியொத்த சொல்லைத் தேடும் நீட்சிகள் இருக்கு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துகளை மனசில் வைத்து எழுதப்பட்டவை. ல, ள, ழ குழப்பமும், ர, ற குழப்பமும், ந, ன, ண குழப்பமும் அவற்றுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் புழங்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் எங்கே விழும் என்பது பாடம் படிக்காமலே தெரியும்.

நிரல் எழுதத் தெரிந்தால், இந்த மாதிரி ஒரு சின்னச் சார்பை எழுதிப் பாருங்க. அன்னாசித் தோட்டம் அன்னாசித்தோட்டத்தோடு பொருந்துதா, செம்பனைக்கும் செம்பணைக்கும் இடையே உறவு தெரியுதா என்று சோதிச்சுப் பாருங்க. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் வேலை இருக்கு. ஒரு செயலியில் உங்கள் பெயர் தப்பான வரிசையில் வந்தால், தேடியது கிடைக்காவிட்டால், திரைப்படம் எடுத்து, என்ன தட்டினீங்க, என்ன வந்தது, என்ன வந்திருக்கணும் என்று மூன்று வரியில் எழுதி அதை உருவாக்கியவருக்கு அனுப்புங்க. பல சமயம் அவர்கள் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள். பிழை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ‘பால்’, ‘புலி’ என்ற இரண்டு சொல்லைச் சோதனைக்குக் கொடுத்தால், அடுத்த பதிப்பில் ஒரு மொழிக்கே தேடல் சரியாகலாம்.

நீங்கள் பயன்படுத்தும் ஒரு நீட்சியைத் தனியாளாக யாரோ பராமரித்தால், ஒரு நன்றியாவது சொல்லுங்க. முடிந்தால் ஆவணத்தைத் திருத்திக் கொடுங்க, தமிழில் விளக்கம் எழுதிக் கொடுங்க. எக்ஸ்இசட் கதையில் அந்தத் தன்னார்வலருக்கு மிகவும் தேவைப்பட்டது பக்கத்தில் நிற்க இன்னொரு நல்ல ஆள். அந்த ஆள் ஜொகூரில் ஒரு சின்ன ஊரில் இருந்தாலும் ஒன்றும் குறைஞ்சு போகாது.